ஒட்டும் புரதம் புற்றைப் பரப்புவது எப்படி? ஆஸ்டியோபான்டின்: ஓர் எளிய விளக்கம்

‘புற்றுநோய் பரவக் காரணமான புரதம் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பில் செய்திகள் அடிக்கடி வருகின்றன. உள்ளே போய்ப் படித்தால், பல சமயம் அது செல்கள் வெளியே சுரந்துவிடும் ஒட்டுப் புரதம் ஒன்றைப் பற்றியதாக இருக்கும். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் நாலு கை மாறுவதற்குள் இரண்டு விதமாகத் திரிந்துவிடுகிறது. ‘ஒட்டும் தன்மை குறைவதால்தான் செல் கழன்று பரவுகிறது, எனவே ஒட்டுப் புரதம் நல்லது’ என்பது ஒன்று. ‘அந்தப் புரதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், ரத்தத்தில் அதை அளந்து குறைத்துவிட்டால் புற்று பரவாது’ என்பது மற்றொன்று. முதலாவது, வேறொரு புரதத்துக்குப் பொருந்துவதை இதன் தலையில் ஏற்றிச் சொல்வது. இரண்டாவது, ஆய்வகத்து எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே மாற்றி எழுதுவது.

இங்கே ஆஸ்டியோபான்டின் என்ற ஒரே ஒரு புரதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருவது இது. எலும்புக்குப் புற்று பரவும் கதையில் இதன் கை நேரடியாகவே இருக்கிறது. ஒட்டுப் புரதம் பற்றிய குழப்பங்கள் எல்லாமே இந்த ஒன்றில் அடக்கம்.

பரவல் என்பது ஒரே தாவல் இல்லை

புற்று தோன்றிய இடத்தில் இருக்கும் கட்டியை முதன்மைக் கட்டி என்கிறோம். அதிலிருந்து கிளம்பிய செல்கள் வேறோர் உறுப்பில் போய்க் குடியேறி வளர்வதுதான் பரவல். மருத்துவமனையில் ‘செகண்டரீஸ்’ என்று சொல்வது இதைத்தான். மார்பகப் புற்று எலும்புக்குப் பரவினால் அது எலும்புப் புற்று ஆகிவிடாது. எலும்பில் வளரும் மார்பகப் புற்றுதான் அது. மருந்தும் மார்பகப் புற்றுக்கு உரியதே.

ஒரு செல் இப்படிக் குடிபெயர என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால் பட்டியல் நீள்கிறது. பக்கத்துச் செல்களின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். சுற்றியுள்ள திசுவைத் துளைத்துக்கொண்டு நகர வேண்டும். ரத்தக்குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைய வேண்டும். அங்கே ரத்த ஓட்டத்தின் இழுப்பையும் நோய் எதிர்ப்புச் செல்களையும் தாண்டி உயிரோடு இருக்க வேண்டும். தொலைவில் ஓரிடத்தில் குழாய்ச் சுவரைப் பிடித்து வெளியேற வேண்டும். கடைசியாக, அந்தப் புது மண்ணில் பிழைத்துப் பெருக வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் மிகக் கடினம். 1970ல் ஐசையா ஃபிட்லர் கதிரியக்க அடையாளம் இட்ட மெலனோமா (தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்று) செல்களை எலியின் ரத்தத்தில் செலுத்திக் கணக்குப் பார்த்தார். ஒரு நாள் கழித்து ஆயிரத்தில் ஒரு செல்கூட உயிரோடு மிஞ்சவில்லை.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பயாப்ஸிக்கே பயப்படுகிறவர்கள் நம்மிடையே இன்னும் நிறைய. ஊசி போன தடத்தில் செல் விழுந்து வளர்வது சில வகைக் கட்டிகளில் அரிதாக நடப்பதுண்டு; அந்த வகைகளில் மருத்துவர்கள் முன்கூட்டியே வேறு வழியைத் திட்டமிடுகிறார்கள். ஆனால் செல் வெளியே வருவது பரவலின் முதல் படி மட்டுமே. வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகின்றன. எவை பிழைக்கின்றன, எங்கே பிழைக்கின்றன என்பதுதான் கேள்வி. 1889ல் ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் உடற்கூறு ஆய்வுக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, விதையும் மண்ணும் பொருந்தினால்தான் முளைக்கும் என்று எழுதினார். ஒட்டுப் புரதங்கள் அந்த மண்ணின் ஒரு பகுதி.

ஒட்டாமல் நகர முடியாது

கூரையில் ஓடும் பல்லியைப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதே நேரம் ஓடவும் செய்கிறது. முன்னங்கால் பிடிக்கிறது, பின்னங்கால் விடுகிறது. பிடியே இல்லையென்றால் கீழே விழும். பிடித்ததை விடத் தெரியாவிட்டால் ஓரிடத்திலேயே நிற்கும். செல் நகர்வதும் இதே முறையில்தான். முன்பக்கம் நீண்டு தளத்தைப் பிடிக்கும், உடலை இழுக்கும், பின்பக்கப் பிடியை விடும்.

செல் பிடித்துக்கொள்ளும் அந்தத் தளத்துக்குச் செல்வெளி வலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். செல்களுக்கு இடையில் புரத இழைகளால் பின்னப்பட்ட ஒரு படுகை அது. பிடிக்கும் கால்விரல் போலச் செல்லின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் புரதம் இன்டெக்ரின். மனித உடலில் 24 வகை இன்டெக்ரின்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பிடிக்கத் தெரிந்த தளங்கள் வேறு. வெளிமுனை வலையைப் பற்றும், உள்முனை செல்லின் எலும்புக்கூடு போன்ற இழைகளோடு சேர்ந்திருக்கும். ஆக, வெறும் கொக்கி என்று இதை நினைத்துவிடக் கூடாது. ‘பிடி கிடைத்துவிட்டது’ என்ற தகவலைச் செல்லுக்குள் அனுப்புவதும் இதுவே.

பிடி எவ்வளவு இருந்தால் செல் வேகமாக நகரும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1997ல் வெளியான ஓர் ஆய்வில், ஒட்டுப் புரதத்தை வெவ்வேறு அடர்த்தியில் பூசிய தட்டுகளில் செல்களை விட்டார்கள். பூச்சு மெல்லிதாக இருந்தபோது வேகம் குறைவு. மிக அடர்த்தியாக இருந்தபோதும் குறைவு. நடுத்தர அளவில்தான் செல்கள் வேகமாக ஓடின. ‘ஒட்டுப் புரதம் கூடினால் பரவுமா, குறைந்தால் பரவுமா’ என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

பிடிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இயல்பான ஒரு செல்லைத் தளத்திலிருந்து கழற்றி மிதக்க விட்டால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இடம் மாறிய செல் கண்ட இடத்தில் வளராதிருக்க உடல் வைத்திருக்கும் பூட்டு இது; பெயர் அனோய்க்கிஸ். 1994ல் இது தெளிவாக விவரிக்கப்பட்டது. புற்றுச் செல் இந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும். போகிற இடத்தில் இன்டெக்ரினுக்குப் பிடிக்க ஏதாவது கிடைத்தால் அதுவும் ஒரு சாவிதான்.

அப்படியானால் ‘ஒட்டுதல் குறைந்தால் பரவும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது ஈ-கேட்ஹெரின் என்ற வேறொரு புரதத்தின் கதை. பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பது அது; செல்லின் தோலிலேயே பதிந்திருக்கும். அது குறைந்தால் செல்கள் கூட்டத்திலிருந்து பிரிய ஏதுவாகும். பரம்பரையாக வரும் ஒரு வகை இரைப்பைப் புற்றில் இந்த மரபணுவே பழுதாகியிருக்கிறது. ஆஸ்டியோபான்டின் அந்த வேலையைச் செய்வதில்லை. செல் அதைச் சுரந்து வெளியே விட்டுவிடுகிறது. அது வலையில் போய்ப் படிகிறது, அல்லது ரத்தத்தில் கலந்து ஊர் சுற்றுகிறது.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான ஒட்டு வேறு, செல்லுக்கும் வலைக்கும் இடையிலான ஒட்டு வேறு. முதலாவது தளர்ந்தால் செல் பிரிகிறது. இரண்டாவது கிடைத்தால் செல் நகர்கிறது, பிழைக்கிறது.

ஆஸ்டியோபான்டின் எங்கெல்லாம் இருக்கிறது?

இது புற்றுக்கென்று பிறந்த புரதமே கிடையாது. எலும்பில் இருக்கிறது, சிறுநீரில் இருக்கிறது, பித்தப்பை, குடல் முதலிய உறுப்புகளின் உட்சுவரில் இருக்கிறது. தாய்ப்பாலில் ஏராளம்: லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராம். பசும்பாலில் அதில் ஏழெட்டில் ஒரு பங்குதான். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் உள்ளதைவிடத் தாய்ப்பாலில் இது பல நூறு மடங்கு அதிகம். சிறுநீரில் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் பெரிதாகிக் கல்லாகாமல் தடுப்பதில் இதற்குப் பங்குண்டு. அடிபட்ட திசுவில் மேக்ரோஃபேஜ் செல்களை வரவழைக்கிறது. மேக்ரோஃபேஜ் என்பவை கிருமியையும் சிதைந்த செல்லையும் விழுங்கிச் சுத்தம் செய்யும் வெள்ளணுக்கள்.

இத்தனை இடத்தில் இருப்பதால் இதைக் கண்டுபிடித்தவர்களும் பலர். 1979ல், புற்றுத் தன்மை ஏற்றப்பட்ட செல்கள் சுரக்கும் பாஸ்பேட் ஏறிய ஒரு புரதமாக இது முதலில் கண்ணில் பட்டது. 1980களின் நடுவில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எலும்பிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து ஆஸ்டியோபான்டின் என்று பெயரிட்டார்கள். 1989ல் நோய் எதிர்ப்பியல் பக்கத்திலிருந்து ஈட்டா-1 என்று இன்னொன்று வந்தது. பிறகு பார்த்தால் மூன்றும் ஒன்றே. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இன்றைய மரபணு ஆய்வுகளில் இது எஸ்பிபி1 என்ற மரபணுப் பெயரால் வரும்.

அமைப்பு எப்படி? மனித ஆஸ்டியோபான்டினில் 314 அமினோ அமிலங்கள். பெரும்பாலான புரதங்கள் மடிந்து ஒரு திட்டமான உருவம் எடுத்துக்கொள்ளும். இது அப்படி மடிவதில்லை, தளர்ந்த நூலாகவே கிடக்கிறது. எதிர்மின்சுமை மிக அதிகம். அதனால் எலும்பின் கால்சியம் படிகத்தோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நூலின் நடுவில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றும் அடுத்தடுத்து வரும் இடம் ஒன்று உண்டு. அவற்றின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஆர்ஜிடி என்பார்கள். பல இன்டெக்ரின்கள் பிடிப்பது இந்த மூன்றெழுத்தைத்தான். 1984ல் ஃபைப்ரோனெக்டின் என்ற இன்னொரு ஒட்டுப் புரதத்தில் இது அடையாளம் காணப்பட்டது. ஆக, ஆஸ்டியோபான்டின் ஒரு கையால் எலும்புத் தாதுவையும் மறு கையால் செல்லையும் பிடிக்க வல்லது.

ஆர்ஜிடி இடத்தைத் தாண்டிய உடனே ஒரு வெட்டுமிடம் இருக்கிறது. ரத்தத்தை உறையச் செய்யும் த்ராம்பின் என்ற நொதி, 168ஆம் அமினோ அமிலத்துக்கு அடுத்து இந்த நூலை இரண்டாக வெட்டும். வெட்டுப்பட்டதும் அதுவரை மறைந்திருந்த இன்னொரு பிடிமானம் வெளிப்படுகிறது. முன்பு இதைக் கண்டுகொள்ளாத வேறு வகை இன்டெக்ரின்களும் இப்போது வந்து பற்றும். முழுப் புரதமும் வெட்டுண்ட புரதமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசும்போது இந்த வெட்டு மறுபடியும் வந்து தொல்லை கொடுக்கும்.

புற்று இதை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது?

கட்டியின் ஓரத்தில் இருக்கும் ஒரு புற்றுச் செல்லை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ஆஸ்டியோபான்டின் இருக்கிறது. அதில் கொஞ்சம் அந்தச் செல்லே சுரந்தது. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கட்டிக்குள் குடிபுகுந்த மேக்ரோஃபேஜ்கள்தாம் பல புற்றுகளில் இதைப் பெருமளவில் தயாரிக்கின்றன. ஒவ்வொரு செல்லாகப் பிரித்து மரபணுச் செயல்பாட்டைப் பார்க்கும் நுட்பம் வந்த பிறகு, பெருங்குடல் புற்று உள்ளிட்ட பல கட்டிகளில் ‘எஸ்பிபி1 மேக்ரோஃபேஜ்’ என்று தனி வகையாகவே அடையாளம் காட்டுகிறார்கள். காயத்தை ஆற்றுவதற்கென்று உடல் வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கட்டி தன் பக்கம் திருப்பிக்கொண்டது என்று சொல்லலாம்.

இன்டெக்ரின் ஆஸ்டியோபான்டினைப் பற்றியதும் செல்லுக்குள் தகவல் ஓடுகிறது. நடுவில் பல கைகள் மாறுகின்றன. அந்தப் பெயர்ப் பட்டியல் இங்கே வேண்டாம். முடிவில் நடப்பவை மூன்று: செல் சாகாமல் இருக்கும்படி உத்தரவு, நகரும்படி உத்தரவு, வலையை அறுக்கும் நொதிகளைச் சுரக்கும்படி உத்தரவு. இந்த மூன்றாவதில் இந்திய ஆய்வுக்கு நேரடிப் பங்குண்டு. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கோபால் குண்டுவின் குழு, எலியின் மெலனோமா செல்களுக்கு ஆஸ்டியோபான்டின் கொடுத்தால் எம்எம்பி-2 என்ற வலை அறுக்கும் நொதி முடுக்கிவிடப்படுகிறது என்பதை 2001ல் காட்டியது.

இன்டெக்ரின் தவிர சிடி44 என்ற ஏற்பியும் இதைப் பிடிக்கும். ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கும் செல் மேற்பரப்புப் புரதம். ஒரே ஒட்டுப் புரதத்துக்கு இத்தனை பிடிகள் இருப்பதால், ஒன்றை அடைத்தால் செல் அடுத்ததைப் பற்றிக்கொள்கிறது.

தொலைவிலிருந்தும் இது வேலை செய்யும் என்பதற்கு ஒரு சோதனை. 2008ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் ஒரு பக்கம் வேகமாக வளரும் மனித மார்பகப் புற்றையும், மறுபக்கம் தூங்கிக்கிடக்கும் புற்றுச் செல்களையும் வைத்தார்கள். தூங்கியவை விழித்து வளரத் தொடங்கின. வளரும் கட்டி ஆஸ்டியோபான்டினை ரத்தத்தில் கலந்துவிட, அது எலும்பு மஜ்ஜைச் செல்களை முடுக்கிவிட, அந்த மஜ்ஜைச் செல்கள் தூங்கும் கட்டிக்குப் போய் உதவின. ஆஸ்டியோபான்டின் சுரக்காதபடி செய்தபோது இது நடக்கவில்லை. ஒட்டுப் புரதம் என்று பெயர் வைத்துவிட்டோம். இங்கே அது ஒட்டும் வேலையையே செய்யவில்லை, ஹார்மோன் போலச் செய்தி கொண்டுபோயிருக்கிறது.

எலும்பில் நடப்பது

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்றுகள் எலும்புக்குப் போவதில் பேர்போனவை. ஏன் எலும்பு?

எலும்பு ஒரு தடவை கட்டி முடித்த தூண் இல்லை. ஆயுள் முழுக்க இடித்துக் கட்டப்படுகிறது. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். இடிக்கும் செல்லை நெருங்கிப் பார்த்தால் அதன் தந்திரம் புரியும். அது எலும்பின் மேல் உட்கார்ந்து, தன் விளிம்பை வளையமாக அழுத்தி ஒட்டிக்கொள்கிறது. வளையத்துக்குள் ஒரு மூடிய குழி உண்டாகிறது. அந்தக் குழிக்குள் அமிலத்தைக் கொட்டித் தாதுவைக் கரைக்கிறது. பிறகு கதெப்சின்-கே என்ற நொதியால் மிச்சமுள்ள புரத இழைகளை அறுக்கிறது. விளிம்பு சரியாக ஒட்டாவிட்டால் அமிலம் கசிந்து வீணாகும். அந்த ஒட்டுக்குத் துணை நிற்பவற்றில் ஒன்று ஆஸ்டியோபான்டின்: ஒரு பக்கம் தாதுவில் படிந்திருக்கும், மறுபக்கம் ஆஸ்டியோகிளாஸ்டின் ஆல்ஃபா-வி பீட்டா-3 என்ற இன்டெக்ரின் அதைப் பிடிக்கும்.

மார்பகப் புற்றுச் செல்களில் பலவற்றுக்கும் இதே இன்டெக்ரின் இருக்கிறது. எனவே எலும்பை இடிப்பவன் பிடிக்கும் அதே பிடியைப் புற்றும் பிடிக்க முடிகிறது. உள்ளே வந்த புற்றுச் செல் தானாக எலும்பைக் கரைப்பதில்லை. அதற்கு அமிலக் குழி அமைக்கத் தெரியாது. ஆஸ்டியோகிளாஸ்ட்டைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். புற்று சுரக்கும் பொருள்களால் சுற்றியுள்ள எலும்புச் செல்கள் ரேங்க்-எல் என்ற புரதத்தைக் கூடுதலாக வெளியிடுகின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் முதிர்ந்து வேலைக்கு இறங்க ரேங்க்-எல்தான் கட்டளை. எலும்பு இடிபடும்போது அதற்குள் அடைத்துவைக்கப்பட்டிருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே கொட்டுகின்றன. புற்று அவற்றைத் தின்று பெருகுகிறது. பெருகியது மறுபடி இடிக்கத் தூண்டுகிறது. (புராஸ்டேட் புற்றில் காட்சி கொஞ்சம் மாறும், அங்கே தாறுமாறாக எலும்பு கட்டப்படுவதுதான் எக்ஸ்ரேயில் தெரியும். இடிப்பும் கூடவே நடக்கும்.)

ஆஸ்டியோபான்டின் இல்லாமல் பிறந்த எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அந்த எலிகள் பிழைத்து நன்றாகவே வளர்கின்றன. இந்தப் புரதம் இல்லாமலும் உடல் எப்படியோ சமாளிக்கிறது. அவற்றுக்கு மெலனோமா செல்களைச் செலுத்தியபோது எலும்புக்குப் பரவல் குறைந்தது. குறைந்தது, நிற்கவில்லை. 2003ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் செய்த சோதனை இன்னும் தெளிவு. எலும்புக்கு ஆவேசமாகப் பரவும் மார்பகப் புற்றுச் செல்களில் எந்தெந்த மரபணுக்கள் உரக்கப் பேசுகின்றன என்று பார்த்தார்கள். ஆஸ்டியோபான்டின், இன்டர்லூகின்-11, இன்னும் சில வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சாதுவான செல்களில் கூட்டிப் பார்த்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சேர்த்துக் கூட்டியபோதுதான் பரவல் எகிறியது. தனி வில்லனைத் தேடும் செய்தித் தலைப்புகளை எழுதுகிறவர்கள் இந்த ஒரு சோதனையைப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சுருக்கமாக: ஆஸ்டியோபான்டின் புற்றுச் செல்லுக்குப் பிடி கொடுக்கிறது, உயிரோடு இருக்கும் தகவல் கொடுக்கிறது, வலை அறுக்கும் நொதியைத் தூண்டுகிறது, எலும்பில் இடிப்பு வேலைக்கு உடந்தையாகிறது. ஆனால் தனியாக எதையும் சாதிப்பதில்லை.

ரத்தத்தில் அளந்து பார்க்கலாமா?

பரவிய புற்று உள்ள பலருக்கு ரத்தத்தில் ஆஸ்டியோபான்டின் கூடுதலாக இருப்பது உண்மை. அதை வைத்து ஒருவருக்குப் புற்று இருக்கிறதா, பரவுமா என்று சொல்ல முடியாது. சிறுநீரகம் பழுதானாலும் கூடும், காசநோயிலும் கூடும், இதயச் செயலிழப்பிலும் கூடும், மூட்டு அழற்சியிலும் கூடும். காயம் ஆற்றும் புரதம் என்றால் காயம் எங்கே இருந்தாலும் கூடத்தானே செய்யும்?

அளப்பதிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் இடத்தில் ஊதா மூடிக் குழாயும் சிவப்பு மூடிக் குழாயும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊதா மூடியில் ஈடிடிஏ என்ற ரசாயனம் உண்டு. அது கால்சியத்தைக் கட்டிவைத்து ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். அதிலிருந்து கிடைப்பது பிளாஸ்மா. சிவப்பு மூடியில் ரத்தம் உறையும். மேலே தேறும் நீர் சீரம். உறைவது என்றாலே த்ராம்பின் கிளம்பிவிட்டது என்று பொருள். த்ராம்பின் ஆஸ்டியோபான்டினை வெட்டும் என்று பார்த்தோம். எனவே ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தமானாலும் சீரத்தில் முழுப் புரதம் குறைவாகவும் பிளாஸ்மாவில் கூடுதலாகவும் காட்டும். ஆஸ்டியோபான்டினை அளக்க ஈடிடிஏ பிளாஸ்மாவையே பரிந்துரைப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, வெவ்வேறு நிறுவனங்களின் எலைசா கிட்கள் இந்த நூலின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கின்றன. எலைசா என்பது எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) கொண்டு ஒரு பொருளின் அளவைக் காணும் சோதனை. ஒரு கிட் காட்டும் எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிட்டால் தவறாகத்தான் முடியும்.

2005ல் இந்த அளவீட்டின் மேல் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்களில் மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்று வந்தவர்களையும் வராதவர்களையும் சீரம் ஆஸ்டியோபான்டின் பிரித்துக் காட்டுகிறது என்று ஓர் ஆய்வு வெளியானது. அடுத்து வந்த ஆய்வுகளில் ஈரம் காய்ந்துவிட்டது: நலமானவரையும் நோயாளியையும் பிரித்தது, ஆனால் மீசோதீலியோமாவையும் நுரையீரல் உறையின் பிற நோய்களையும் பிரிக்க முடியவில்லை. மருத்துவருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது பிரிப்புதான். இன்று வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சையில் ஆஸ்டியோபான்டின் பரிசோதனைக்கு இடமில்லை. ‘பரவல் புரத டெஸ்ட்’ என்று யாராவது விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடுத்துவிடலாமா?

இரண்டு வழிகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஒன்று, பிடிக்கும் விரலை அடைப்பது. ஆர்ஜிடி வடிவத்தில் செய்த சிலெங்கிடைடு என்ற மருந்து, ஆல்ஃபா-வி வகை இன்டெக்ரின்களில் போய்ச் சொருகிக்கொள்ளும். மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா புற்றில் இதை மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனார்கள். 2014ல் வெளியான முடிவில் ஆயுள் கூடவில்லை. அதற்கு முன்பே எலிகளில் ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தது: இவ்வகை மருந்து மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்வது கூடியது. மருந்தின் அளவு உடலில் ஏறி இறங்கும்போது ஒரு கட்டத்தில் எதிர்வேலை நடக்க வாய்ப்புண்டு என்று இதற்குப் பொருள்.

இரண்டாவது, ஆஸ்டியோபான்டினையே எதிர்ப்புரதத்தால் பிடித்து வைப்பது. இப்படி ஒரு எதிர்ப்புரதத்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. உடல் ஆஸ்டியோபான்டினைச் சில நிமிடங்களிலேயே கழித்துவிட்டுப் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. எதிர்ப்புரதமோ வாரக்கணக்கில் தங்கும். பிடிபட்ட ஆஸ்டியோபான்டின் கழியாமல் அதனுடனேயே தேங்கும், புதிதாக வருவதைப் பிடிக்க எதிர்ப்புரதம் மிச்சமிருக்காது. ஈடுகொடுக்கத் தேவைப்படும் மருந்தின் அளவு நடைமுறைக்கு ஒத்துவராது.

அதனால் எலும்புக்குப் பரவிய புற்றில் இன்று கையில் உள்ள மருந்துகள் ஒட்டுப் புரதத்தைத் தொடுவதில்லை. இடிக்கும் செல்லைத் தொடுகின்றன. ஜோலெட்ரானிக் அமிலம் எலும்பில் படிந்து, அதைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட்டை முடக்குகிறது: 4 மில்லிகிராம், 15 நிமிடத்துக்குக் குறையாமல் ரத்தக்குழாய் வழியே. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்பது பழைய கணக்கு. 12 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் பலருக்குப் போதும் என்று 2017ல் வெளியான ஆய்வு காட்டியது. வேகமாக ஏற்றினால் சிறுநீரகம் அடிபடும். ஒவ்வொரு முறையும் முன்னதாக, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்ப்பது அதற்காகவே. டெனோசுமாப் ரேங்க்-எல்லைப் பிடித்து வைக்கும் எதிர்ப்புரதம்: 120 மில்லிகிராம், தோலுக்கடியில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இதே மருந்து எலும்புத் தேய்வுக்கு 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று தரப்படுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தந்த அளவை இங்கே ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். இந்த மருந்துகளின் முதல் வேலை எலும்பு முறிவையும் வலியையும் தள்ளிப்போடுவது. புற்றுக்கான மருந்து தனியே தொடரும்.

ரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கிவிடலாம் என்பதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் கூடவே எழுதித் தருவார்கள்; வாயைச் சுற்றி மரத்துப்போதல், கை விரல்கள் இழுத்துக்கொள்ளுதல் இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் சொல்ல வேண்டும். முதுகு வலியோடு கால் பலம் குறைவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொரு சிக்கல் தாடை எலும்பு சார்ந்தது. இடிப்பு முடங்கிய எலும்பு ஆறுவதிலும் மந்தமாகிவிடுவதால், பல் பிடுங்கிய குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கலாம். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே பிடுங்கி, ஈறு ஆறிய பிறகு தொடங்குவது வழக்கம். ஊசி ஏற்கெனவே தொடங்கியிருந்தால், பல் மருத்துவரிடம் உட்காரும்போது மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் முதலில் சொல்லிவிடுங்கள்.